மைக் அண்ணனின் மதிய அழைப்பு

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் மைக். கம்பெனி கம்பெனியாகப் போய், மனிதர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பெடுப்பது அவன் பிழைப்பு. அதற்குக் கைதட்டவும் ஆள் இருக்கிறது.

அப்பாவுக்கு மறதி நோய் முற்றி, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்ததும் மைக் களத்தில் இறங்கினான். இந்த நோயாளிகளிடம் பொய்யே சொல்லக் கூடாதாம். நாள், இடம், நிலவரம் எல்லாவற்றையும் தினமும் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எங்கேயோ அரைகுறையாகப் படித்துவிட்டு, மதியமானால் இல்லத்து டேப்லெட்டில் வீடியோவில் வந்துவிடுவான். நேரில் வரத்தான் துரைக்கு நேரமில்லை.

இதற்கிடையே அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். தட்டைத் தள்ளுவார், வாயை இறுக்கிக்கொள்வார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. இன்றும் சாப்பிடாவிட்டால் நாளை மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயைப் பிடுங்குவார், பிடுங்கினால் கையைக் கட்டுவார்கள். அந்தப் பயத்தில் லீவு போட்டுவிட்டு, முதன்முறையாக மதியத்தில் போனேன்.

நர்ஸ் சோற்றைக் குழையப் பிசைந்து ஸ்பூனை நீட்டினார். அதற்குள் டேப்லெட் அடித்தது.

திரையில் மைக். முகத்தில் வகுப்புச் சிரிப்பு, கையில் சாப்பாட்டு டப்பா. அவனுக்கும் அது சாப்பாட்டு வேளை.

"அப்பா, என் கண்ணைப் பாருங்க. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. இது நம்ம வீடு இல்ல. அம்மா இறந்துட்டாங்க. புரிஞ்சுதா?" மென்றுகொண்டே கேட்டான்.

"எப்போ?" என்ற அப்பா ஸ்பூனைத் தள்ளினார். முகம் கோணியது.

"தினமும் இதே கதைதான் மேடம்" என்றார் நர்ஸ். "கூப்பிடறப்ப எடுக்கலன்னா மேனேஜர்கிட்ட புகார் பண்றார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் சோறு வரும் நேரத்தில் இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி புதிதாகச் சாகிறாள். செய்தி கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும். துக்கம் மட்டும் காரணம் தெரியாமல் உள்ளே நிற்கும், சோறு இறங்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, போதும், நிறுத்து."

"நீ குறுக்க பேசாத. உண்மையை அவர் ஏத்துக்கணும். அப்பா, மனசுல தோணுறதைச் சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று அடுத்த கவளத்தை வாயில் போட்டான்.

அப்பா அவனையே பார்த்தார். பல மாதமாகக் கோர்வையாகப் பேசாதவர் பேசினார்.

"பெத்தவ செத்துக் கிடக்கா. இன்னும் எடுக்கக்கூட இல்ல. அதுக்குள்ள உனக்கு சோறு கேக்குதா?"

மைக் டப்பாவைத் திரைக்குக் கீழே ஒளித்தான். நான் டேப்லெட்டை அணைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் அழுது முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொடுத்தேன். பிறகு, அம்மாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டேன்.

"அவ எங்க பேசுவா? பாத்திரம்தான் பேசும்" என்று லேசாகச் சிரித்தார். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார்.

"அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்கப்பா" என்றேன், கூச்சமே இல்லாமல்.

அப்பா வாயைத் திறந்தார்.