ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம்

பாலகாட் தங்கச் சுரங்கத்துப் பங்களாத் துரைக்கு மோட்டார் கார் வந்து இறங்கிய அன்று, ராபர்ட்சன்பேட்டைச் சந்தையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. பித்தளை விளக்குகளும் மெத்தென்ற தோல் இருக்கைகளுமாய், கல்யாணப் பெண் மாதிரி இருந்தது வண்டி. அதைத் தொட துரை ஒரே ஒரு ஆளைத்தான் அனுமதித்தார். அவன் மாணிக்கராஜ்.

மாணிக்கராஜ் சுரங்கத்தில் ஃபிட்டர். ஆட்களைக் கூண்டில் வைத்து ஷாஃப்ட்டுக்குள் இறக்கி ஏற்றுகிற பெரிய நீராவி எஞ்சின் அவன் பொறுப்பில் இருந்தது. எஞ்சின் எங்கே வலிக்கிறது என்று முனகினால் இவனுக்குக் கேட்கும். மனுஷர்களிடம் பேசுவதென்றால்தான் வாயில் கொழுக்கட்டை. கார் ஓட்டவும் துரையே அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் துரை லீவில் சீமைக்குக் கிளம்பினார். துரைசாணிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வேண்டும். அப்படிக் கூடவே போய்த் திரும்பி வருகிற ஆயாக்கள் அந்தக் காலத்தில் உண்டு. மிஷன் பள்ளியில் படித்த லூயிசாவைத் துரைசாணி கேட்டாள். லூயிசா மாணிக்கராஜின் மனைவி. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

"போவட்டுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

"போய்ட்டு வா" என்றான். அவ்வளவுதான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் வாயால் ஒரு வார்த்தை வந்திருக்கலாம்.

துரை கிளம்பும்போது, "வாரா வாரம் எஞ்சினை ஓட விடு. நான் திரும்புகிற அன்றைக்குக் கார் ஸ்டேஷனுக்கு வர வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிஷமே மாணிக்கராஜ் மனசுக்குள் காரில் இடம் பிரித்துவிட்டான். துரையும் துரைசாணியும் குழந்தைகளும் பின்னால். லூயிசா முன்னால், அவன் பக்கத்தில். யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவனே போட்டுக்கொண்ட கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்ததும் நேரே கார் ஷெட்டுக்குப் போவான். ஹேண்டிலைச் சுற்றுவான். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டு அணைத்துவிடுவான். அதற்கு மேல் ஓட விட மனசு வராது. ராவும் பகலும் ஓடுகிற சுரங்க எஞ்சினின் பித்தளைப் பாகங்களைத் தேயத் தேய மாற்றிய கை அது. ஓடினால்தானே தேயும்? ஓடாமல் வைத்தால் அவள் வருகிற வரைக்கும் புதுசாகவே இருக்கும். பிறகு துணியை எடுத்து, முன் இருக்கையின் இடது பக்கத்தை மட்டும் இரண்டு தரம் துடைப்பான்.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் கடிதமும் போகும். அவனுக்கு எழுத வராது. கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஆபிரகாம் உபதேசியார்தான் எழுதுவார், வருகிறதைப் படித்தும் காட்டுவார். நல்ல மனுஷர். ஆனால் மெல்லப் பேசத் தெரியாதவர். கோயில் வாசலில் நாலு பேர் நிற்கும்போது, "உம், பொண்டாட்டிக்கு என்ன எழுதணும்? சொல்லு!" என்று உரக்கக் கேட்பார். மாணிக்கராஜ் தரையைப் பார்த்து, "இங்க எல்லாம் சௌக்கியம்னு எழுதுங்க" என்பான். துரையின் லீவு நீண்டது, ஆறு மாதம் பத்து மாதமாகி, அதையும் தாண்டியது. எல்லாக் கடிதத்திலும் சௌக்கியமே போயிற்று.

அவள் போன பதினோராம் மாதம் லூயிசாவின் கடிதம் வந்தது. துரைசாணியின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்து அதை வளர்க்கச் சொல்கிறார்களாம். 'நீங்கள் வா என்றால் வருகிறேன். உங்கள் இஷ்டம் எப்படி?' என்று எழுதியிருந்தாள்.

உபதேசியார் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். பக்கத்தில் பாட்டுக் குழுப் பெண்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"துரைசாணி சொல்றபடி நடந்துக்கச் சொல்லுங்க" என்றான் மாணிக்கராஜ்.

இப்படியும் ஒரு மனுஷன்! கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. கடல் தாண்டி இருக்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த ஞாயிறு எஞ்சின் பிடிக்கவில்லை. கை காய்த்துப்போகிற அளவுக்குச் சுற்றினான். இருமியது, புகைத்தது, நின்றது. மாணிக்கராஜ் பயந்துபோய் சுரங்கத்து எஞ்சின் கூடத்து ஃபோர்மன் கிளாரன்ஸை அழைத்து வந்தான். கிளாரன்ஸ் சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர்; ஆனாலும் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்கிற திருகைக் கழற்றினார். கறுப்பாக வழிய வேண்டிய ஆயில், பால் கலந்த காப்பி நிறத்தில் வழிந்தது. வால்வுகளில் துரு.

"எவ்ளோ நேரம்பா ஓட்டுவ?"

"அஞ்சு நிமிஷம் சார். தேயக்கூடாதுன்னு..."

"அட போப்பா! அஞ்சு நிமிஷத்துல அது சூடாவுமா? சூடாவாத எஞ்சின் உள்ள வேர்க்கும். அந்தத் தண்ணி வெளிய போவாம ஆயில்ல கலந்து அப்படியே நின்னுடும். தேயறதுக்கு நீ பயந்த, இது துருப் புடிச்சிட்ச்சி. ஓட்டறதுன்னா ரோட்டுல எடுத்துப் போயி, நல்லா சூடாவற வரைக்கும் ஓட்டணும். இல்லன்னா தொடவே தொடாத."

மாணிக்கராஜ் அந்தக் காப்பி நிற ஆயிலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வருஷமாக அவன் லூயிசாவுக்கு அனுப்பியதும் இதேதான், வாரத்துக்கு ஐந்து நிமிஷம். தாங்க முடியாமல் குந்தி உட்கார்ந்து அழுதான். கிளாரன்ஸ் காருக்காக அழுகிறான் என்று நினைத்து, "சரியாய்டும்பா, வால்வ தேய்ச்சிப் போடலாம்" என்று முதுகில் தட்டினார்.

அன்று சாயங்காலமே உபதேசியார் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஐயா, எழுதணும். நிறுத்தச் சொல்ற வரைக்கும் எழுதணும்."

சொன்னான். இன்னமும் இரண்டு தட்டு கழுவி வைப்பதைச் சொன்னான். அவள் வைத்த முருங்கை காய்த்ததையும், பறிக்க மனசு வராமல் மரத்திலேயே முற்றிப்போனதையும் சொன்னான். சுரங்கத்தில் கூண்டு மேலே வருகிற மணி அடிக்கும்போதெல்லாம் அவள்தான் வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்ப்பதைச் சொன்னான். 'போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. வந்துவிடு' என்றான். உபதேசியார் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் எழுதினார். பதிமூன்று பக்கம் ஆயிற்று.

பதில் வரவில்லை. துரை வருகிற தேதி மட்டும் ஆபீசுக்கு வந்தது. அதில் ஆயாவைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? மாணிக்கராஜ் வாரா வாரம் காரை பேத்தமங்களா ரோட்டில் ஏரிக்கரை வரைக்கும் ஓட்டினான், தண்ணீர்ப் பெட்டி கொதிக்கிற வரைக்கும். எஞ்சின் தேறிவிட்டது. அவன்தான் பாதியாய் இளைத்தான்.

அந்த நாளும் வந்தது. உரிகம் ஸ்டேஷனில் ரயில் நின்றது. துரை இறங்கினார், துரைசாணி இறங்கினாள், குழந்தைகள் குதித்தார்கள், பெட்டிகள் இறங்கின. அப்புறம் யாருமில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு, லூயிசா இறங்கி வந்தாள்.

"கடுதாசி வந்துச்சி" என்றாள் மெதுவாக. "பதிமூணு பக்கம். உபதேசியார் கையெழுத்து, பாதி புரியல. நீங்களே சொல்லுங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் துரை கூப்பிட்டுவிட்டார். முன் இருக்கையில், இடது பக்கத்தில், துரையே ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டுமாம். பெட்டிகளுக்கு மாட்டு வண்டி. ஆயாவும் பெட்டிகளோடு.

ஒரு சுற்றில் எஞ்சின் பிடித்தது. ஒரு வருஷம் மூன்று மாதமாக அது நிற்கக் கூடாது என்று கும்பிட்டவன், அன்றைக்கு நிற்காதா, ஒரே ஒரு தரம் இருமாதா என்று ஏங்கிக்கொண்டே ஓட்டினான். பாவி எஞ்சின் தேன் மாதிரி ஓடியது. பின்னால் மாட்டு வண்டி சின்னதாகி, புழுதியில் மறைந்தது.

பங்களா வாசலில், "புதுசு மாதிரி இருக்கிறது. அணைத்துவிடு" என்றார் துரை.

மாணிக்கராஜ் அணைக்கவில்லை.

"துரை, எஞ்சின் இன்னும் சூடாவலிங்க. இன்னும் கொஞ்ச தூரம் ஓடணும். இல்லன்னா உள்ள துருப் புடிக்கும்."

துரை எஞ்சின் மூடிமேல் கை வைத்தார். சுரீரென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு மாணிக்கராஜின் முகத்தைப் பார்த்தார். அவன் கண் ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது.

"ஆமாம், சூடாகவில்லை. ஓட்டிவிட்டு வா" என்றார்.

பாதி வழியில் மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினான். லூயிசா இறங்கி வந்து, அவன் வாரா வாரம் துடைத்து வைத்த இடத்தில் உட்கார்ந்தாள். கார் பங்களாத் திருப்பத்தைத் தாண்டி பேத்தமங்களா ரோட்டைப் பிடித்தது.

"வூட்ல இன்னும் ரெண்டு தட்டுதான் கழுவறன்" என்று ஆரம்பித்தான் மாணிக்கராஜ்.

"உம்" என்றாள் அவள். "மேல சொல்லுங்க."