இடது முன்சக்கரம்

காலை ஐந்தரை மணிக்கே கிள்ளான் பண்டமாரானில் இருக்கும் கார்ப் பட்டறையின் இரும்புக் கதவு ஏறிவிடும். துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் சாலையை அதிரவைக்கும் அந்த இருட்டில், விமலன் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நின்றுகொண்டிருப்பான். முந்தின நாள் மழையின் சேறு பிடரியில் சொட்டும். துரு கண்ணில் விழும். ஏழு மணிக்குள் எட்டுக் கார்களை இறக்கி அனுப்பியாக வேண்டும் என்பது முதலாளி தங்கராஜின் கட்டளை. போனில் கூப்பிட்டால் வரும் இ-ஹெயிலிங் டாக்சி ஓட்டுநர்களுக்கு வாடகைக்கு விடுகிற அறுபது கார்களும் அவருடையவை. அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறையும் அவருடையது. பழுது தீர்ந்தது என்று சான்று கொடுப்பதும் அவரே. மனிதருக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

அன்று முதல் கார் புஷ்பவல்லி ஓட்டுவது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, விமான நிலையத்துக்கும் நகரத்துக்குமாகப் பகலெல்லாம் அலைகிறவள். முந்தின நாள் கிள்ளானில் ஒரு லோரி நெருக்கியதில், காரின் இடது முன்சக்கரம் சாலையோரக் கல்லில் மோதி ஏறி இறங்கிவிட்டது.

"நேரா போறப்ப ஸ்டீரிங் எடது பக்கம் சாஞ்சு நிக்குது அண்ணே. கைய எடுத்தா வண்டி தானா ஓரத்துக்குப் போகுது," என்றாள். பிரேக்கை மிதித்தால் இழுவை இன்னும் கூடுவதாகவும் சொன்னாள்.

விமலன் இருபது வருடமாகச் சக்கரங்களோடு மல்லுக்கட்டுகிறவன். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்குகிற பழக்கம் அவனுக்கு இல்லை. முதலில் காற்றை அளந்தான். இரண்டு பக்கமும் சமம். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, பட்டறைக்குப் பின்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். அப்போதும் இடது பக்கமே இழுத்ததால் டயர்மேல் பழி போட வழியில்லை. பிறகு கூட வேலை செய்யும் செல்வகுமாரைக் கூப்பிட்டு, நான்கு சக்கரங்களிலும் அளவுக் கருவியை மாட்டச் சொன்னான். திரையில் வலது முன்சக்கரத்தின் சாய்வு பச்சையில் இருந்தது. இடது சக்கரத்தின் தலை இரண்டு டிகிரிக்கு மேல் உள்ளே சாய்ந்து, எண் சிவப்பில் நின்றது.

சாய்வு மட்டும்தானா என்று பார்க்க நாடாவை எடுத்தான். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை வலது பக்கம் அளந்து, இடது பக்கமும் அளந்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது. மோதிய வேகத்தில் சக்கரமே பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. காரைத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் லோவர் ஆர்மைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். சேறு உதிர்ந்ததும் இரும்பு வளைந்திருப்பது தெரிந்தது. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தலைமுடி அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

"இந்தக் காருலயா நேத்தெல்லாம் ஹைவேல போனீங்க?" என்று கேட்டான். புஷ்பவல்லியின் முகம் வெளுத்துப்போயிற்று.

தங்கராஜ் ஆறே முக்காலுக்கு வந்தார். திரையைப் பார்த்தார், வெடிப்பைப் பார்க்கவில்லை. புது ஆர்ம் வர ஒரு வாரமாகும், அதுவரை கார் சும்மா நிற்க முடியாது என்றார்.

"சக்கரத்தோட டோ கோணத்த மட்டும் திருப்பி ஸ்டீரிங்க நேராக்கு. அது போதும் லா."

"ஸ்டீரிங் நேரா நிக்கும் பாஸ். சக்கரம் நிக்காது. வெடிப்பு விட்டிருக்கு."

"மெசின் செவப்பு காட்டுனா பச்சையாக்கத் தெரியாதா ஒனக்கு? போன தடவ தெரிஞ்சிச்சில்ல?"

விமலனுக்குச் சுரீரென்றது. அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. சக்கரத்தைச் சுழற்றிக் கருவியைச் சரிபார்க்கும் படியைத் தாண்டிவிட வேண்டும். பிறகு சக்கரத்தைக் கவ்வும் கருவியின் நகத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் ஓர் இருபது காசைச் செருகினால் போதும். கருவி சாயும், சிவப்பு பச்சையாகும். காகிதத்தை அச்சிட்டு, அளந்தவன் கையெழுத்துப் போட்டால் கார் ரோட்டுக்குப் போகலாம்.

போன தடவை என்பது இன்னோர் ஓட்டுநரான ஜீவனின் கார். அந்தப் பச்சைக் காகிதத்தோடு அது ஒன்பதே நாள் ஓடியது. பத்தாம் நாள் ஷா ஆலாம் பக்கத்தில் சக்கரம் மடங்கி, கார் தடுப்பில் மோதியது. கால் நசுங்கிய ஜீவன் இன்னும் மருத்துவமனையில் கிடக்கிறான். கார் நன்றாகத்தான் இருந்தது, ஓட்டியவன்தான் தூங்கிவிட்டான் என்று தங்கராஜ் எல்லா இடத்திலும் காட்டியது அந்தக் காகிதத்தைத்தான். அதன் அடியில் விமலனின் கையெழுத்து இருந்தது. இரண்டு மாதமாக விமலன் வாய் திறக்கவில்லை, ஜீவனைப் போய்ப் பார்க்கவும் இல்லை. பயந்துகொண்டு ஒளிந்திருந்தான். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

அவன் அசையாமல் நிற்பதைப் பார்த்த தங்கராஜ், செல்வகுமார் பக்கம் திரும்பினார். புதுக்கோட்டையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன் செல்வகுமார். வந்த அன்றே அவனுடைய பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

"நீ செய்டா. பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல? நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, பிரச்சன பண்ணாத."

செல்வகுமார் கருவிக்குப் பக்கத்தில் போனான். குடும்பத்து ஆளின் பாஸ்போர்ட்டைப் பூட்டிவைக்கிற குடும்பத்தை விமலன் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"முடியாது முதலாளி," என்றான் செல்வகுமார். "அன்னிக்கு ஜீவன் அண்ணன் காருல காச செருகுனது என் கைதான். இன்னொரு தடவ செய்ய மாட்டேன்."

"அப்ப மூட்டைய கட்டு. நாளைக்கே ஊருக்கு அனுப்புறேன்."

விமலன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. கருவியின் கணினிக்குப் போய் அச்சுப் பொத்தானை அழுத்தினான். சிவப்பு எண்ணோடு காகிதம் வந்தது. லோவர் ஆர்ம் வளைவு, வெடிப்பு, ஓட்டத் தகுதியில்லை என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டான். செல்வகுமார் பேனாவை வாங்கித் தமிழில் தன் பெயரை எழுதினான். டயர் மாட்டும் அஸ்மான் அதுவரை மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, "சாயா ஜுகா," நானும்தான் என்று சொல்லித் தன் பெயரையும் சேர்த்தான்.

"ஒருத்தன அனுப்பினா மூணு பேரையும் அனுப்புங்க பாஸ்," என்றான் விமலன். பிறகு புஷ்பவல்லியைப் பார்த்து, மறைத்துவைத்ததைச் சொல்லிமுடித்தான். "ஜீவன் தூங்கல தங்கச்சி. அந்தக் காருக்குப் பொய்யா பச்ச காட்டுனது நாங்க. கையெழுத்து என்னோடது."

"ரெண்டு மாசமா தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா?"

புஷ்பவல்லி காரின் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, சிவப்புக் காகிதத்தைப் படம் பிடித்து ஓட்டுநர்களின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினாள். ஜீவனைப் பற்றி அவன் சொன்னதையும் தன் குரலில் பதிந்து அனுப்பினாள்.

ஏழரைக்குப் பண்டமாரானில் இருந்த ஒரு கார் வந்து வாசலில் நின்றது. பின்னால் காப்பாரிலிருந்து இரண்டு. எட்டு மணிக்குள் பதினொன்றாகி, வரிசை சாலைவரை நீண்டது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று இறங்கியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: எங்கள் காரையும் அளந்து உண்மையைச் சொல்லுங்கள். தங்கராஜ் அலுவலகக் கதவில் நின்று, போலீசைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடுங்கள், ஜீவன் காரைப் பற்றி அவர்களிடமே வாக்குமூலம் கொடுக்கிறோம் என்று விமலன் பதில் சொன்னான். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். யாரிடம் பேசினாரோ தெரியாது. செல்வகுமாரின் பாஸ்போர்ட் இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருந்தது.

வரிசையில் முதலில் நின்ற காரை மேடையில் ஏற்றினார்கள். செல்வகுமார் கருவியை மாட்டி, சக்கரத்தை நிதானமாகச் சுழற்றி, ஒரு படிகூடத் தாண்டாமல் சரிபார்த்தான். புஷ்பவல்லி விமலன் அருகே வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் ஆறவில்லை.

"ஜீவன எப்ப போய்ப் பாப்பீங்க?"

"இன்னிக்கு சாயங்காலம்."

"தனியா போக வேணாம். நாங்க எல்லாரும் வரோம். எங்ககிட்ட சொன்னத அவன் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. அதுக்கப்புறம் அவனுக்கு என்ன செய்யணுமோ, சேந்தே செய்வோம்."

விமலன் தலையாட்டினான். திரையில் எண்கள் வரத் தொடங்கியிருந்தன. வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து, அவனோடு சேர்ந்து அவற்றைப் பார்த்தார்கள்.