ஒன்பது மணித் தண்ணீர்

தொட்டவுடன் பூ விழுந்தது. சுபாஷிணி தூரிகையைப் பின்னுக்கு இழுத்தாள். அதற்குள் பக்கத்துப் பூவும் விழுந்தது. இரண்டையும் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். காம்பு மஞ்சளாகியிருந்தது. பிஞ்சு பிடிக்காத பூவின் காம்பு அப்படித்தான் ஆகும்.

மட்டாஞ்சேரியில் முகமது இஸ்மாயிலின் சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடியறை அது. போர்ட் கொச்சியின் சின்ன ஓட்டல்களுக்குக் கடும் காரமான சாஸ் தயாரித்துக் கொடுக்கலாம் என்று இஸ்மாயிலுக்கு ஓர் எண்ணம். நாகாலாந்திலிருந்து மிளகாய் விதை தருவித்தார். வெளியே மழை விடவில்லை. சந்துக்குள் வெயிலும் விழாது. அதனால் மாடியில் நாற்பது தொட்டிகளை வைத்து, மேலே வரிசையாக விளக்குப் போட்டார். கீழேயிருந்து சுக்குத் தூசி ஏறுகிறது என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார். தூசியைக் கிளப்பும் என்று மின்விசிறியும் மாட்டவில்லை.

மிளகாய்ப் பூவுக்கு வண்டு வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மகரந்தப் பையும் சூல்முடியும் ஒரே பூவுக்குள் இருக்கின்றன. கொஞ்சம் காற்று அசைத்தால் போதும். அந்த அறையில் அந்தக் காற்றுதான் கிடையாது. காற்றின் வேலைக்குத்தான் தாவரவியல் படித்த சுபாஷிணியை வைத்திருந்தார்கள். பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த முதல் வேலை.

காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை குனிந்தபடி ஒவ்வொரு பூவாகத் தொட வேண்டும். பூக்கள் தலைகீழாகத் தொங்குவதால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனபின்னும் கழுத்து அப்படியே நின்றது. இரண்டு மாதத்தில் ஒரு காய்கூட இல்லை.

"நான் வெள்ளிக்கிழமை வந்து நோக்கும். அப்பவும் முளகு இல்லைன்னா இங்க ஏலக்காய் மூட்டை ஏத்திடுவேன்" என்று இஸ்மாயில் திங்களன்று சொல்லிவிட்டுப் போனார். மிளகாய் அவர் வாயில் முளகு.

காரணம் சுபாஷிணிக்குத் தெரியும். தினமும் காலை ஒன்பது மணிக்கு வசந்தி செடிகளைக் குளிப்பாட்டினாள். வசந்தி கம்பத்துக்காரி. மாடியைப் பெருக்கி, தொட்டிக்குத் தண்ணீர் விடுவது அவள் வேலை. இலையில் தூசி படிந்தால் அவளுக்குப் பொறுக்காது. தெளிப்பானால் பூவும் இலையும் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு, "என் பிள்ளைங்க குளிச்சாச்சு" என்பாள். மகரந்தம் வெளிவருவது பத்து மணி சுமாருக்கு; அதற்குள் பூ ஈரமாகிவிடும். நனைந்த பொடி பசையாகிப் பையிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப்பின் தூரிகையால் தொட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது சுபாஷிணிக்கு இது தெளிவாகிவிட்டது. மூன்று வாரமாகிறது.

எர்ணாகுளத்திலிருந்து படகில் வரும்போதெல்லாம், வசந்தியிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். மாடி ஏறும்போது அது போய்விடும். வசந்தி சாயா கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். பதிலை எதிர்பார்க்காமல் சுபாஷிணியிடம் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் போய், உங்கள் தண்ணீரால்தான் பூ கொட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம். நாளையும் வரும், போகும்.

வெள்ளிக்கிழமை இஸ்மாயில் வந்தார். ஒரு தொட்டிக்கடியில் கிடந்த பூக்களைச் செருப்பு நுனியால் ஒதுக்கினார்.

"ரெண்டு மாசம் கரண்ட் எரிச்சதுக்கு ஒரு முளகு இல்லியே, மோளே."

"இக்கா, சின்னப்புள்ள என்ன செய்யும்? குனிஞ்சு குனிஞ்சு அதுக்கு முதுகே போச்சு" என்றாள் வசந்தி. "செடிக்குத்தான் புத்தியில்ல."

"செடிக்கு இல்லாட்டி படிச்சவங்களுக்கு வேணும்ல?"

"காரணம் தெரியும்" என்றாள் சுபாஷிணி.

"எந்தா? உரக்கப் பற, கேக்கலை."

தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒன்பது மணிக்குத் தெளிக்கற தண்ணிதான். பூவுக்குள்ள பொடி நனைஞ்சுடறது. அப்புறம் நான் தொட்டும் பிரயோஜனமில்லே."

இஸ்மாயில் வசந்தியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தியின் கையில் தெளிப்பான் இருந்தது.

"அக்கா பேர்ல தப்பில்லே" என்று சுபாஷிணி அவசரமாகச் சொன்னாள். "அவாளுக்குத் தெரியாது. மூணு வாரமா எனக்குத் தெரியும். நான்தான் சொல்லலே."

"மூணு வாரமாவா?"

கேட்டது இஸ்மாயில் இல்லை, வசந்தி.

இஸ்மாயில் தலையில் கை வைத்தார். "ஒரே ரூம்ல ரெண்டு பேர். வாயை சாயா குடிக்க மட்டுமா வெச்சிருக்கீங்க? அடுத்த வெள்ளி. அதோட தீர்ந்து."

மறுநாளிலிருந்து வசந்தி தெளிப்பதை நிறுத்தினாள். மதியத்துக்கு மேல் ஈரத்துணியால் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சாயா வந்தது, கையில் கொடுக்காமல் மாடிப்படியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். சுபாஷிணி ஆறிப்போனதைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி அதே படியில் வைத்தாள். பத்திலிருந்து ஒன்றுவரை பூக்களைத் தொட்டாள். முன்பே நனைந்திருந்த பூக்கள் செவ்வாய்வரை கொட்டிக்கொண்டே இருந்தன. பெருக்கி அள்ளும்போது வசந்தி அவற்றைக் கொஞ்சம் சத்தமாகவே அள்ளினாள்.

வியாழக்கிழமை காலை, கடைசி வரிசையில் ஒரு பூ வாடித் தொங்கியது. சுபாஷிணி பழக்கத்தில் கையை நீட்டினாள். பூ விழவில்லை. காம்பு பச்சையாக, தடித்து வளைந்திருந்தது. காய்ந்த இதழை விலக்கினாள். உள்ளே மிளகளவு ஒரு பிஞ்சு. அதே வரிசையில் தேடினாள், இன்னும் ஆறு.

"வசந்தியக்கா!"

கீழே மூட்டை இறக்கும் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. படிக்கட்டுக்கு வந்து மறுபடி கூப்பிட்டாள். கிடங்கில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வசந்தி மேலே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிஞ்சைப் பார்த்தாள்.

"எத்தனை இருக்கு?"

"இதுவரைக்கும் ஏழு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா எழுபது இருக்கும்."

"ஆமாக்கா."

"நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? மூணு வாரம் என் கையால அதுகளைக் கொன்னுட்டிருந்திருக்கேன், நீ பார்த்துட்டே நின்னுருக்க."

சுபாஷிணி அடுத்த வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்து வலித்தது. தொட வேண்டிய பூக்கள் இன்னும் முந்நூறாவது இருக்கும்.

வசந்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வரிசையின் முன் உட்கார்ந்தாள். "பிரஷ் இன்னொண்ணு இருக்கா? இடுக்கியில வனிலாப் பூவுக்கெல்லாம் முள்ளால இதே வேலைதான் செஞ்சோம். ஒரு நாளைக்கு ஆயிரம் பூ."

சுபாஷிணி தூரிகையைக் கொடுத்தாள். வசந்தி முதல் பூவை நோக்கிக் குனிந்தாள்.

"இப்போ வேண்டாம்" என்றாள் சுபாஷிணி. "பொடி இன்னும் வெளில வரலே. அரை மணி போகட்டும்."

வசந்தி தூரிகையை மடியில் வைத்தாள்.

"இப்ப மட்டும் வாய் வருது" என்றாள்.

இருவரும் விளக்குகளுக்கடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பூக்கள் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.