வாக்கு மரத்தின் நிழல்

வாவிக்கரைப் பூங்காவில் நிற்கும் கிழட்டு மருதமரத்தடியில் பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரியும். ஒல்லாந்தர் காலத்துத் துரை ஒருவன், திரும்பி வருவதாக ஓடக்காரி ஒருத்திக்கு அங்கே பொய் வாக்குக் கொடுத்துவிட்டுத் தோணியேற, காற்றே இல்லாமல் தோணி கவிழ்ந்ததாம். ஏறாவூர்ப் பக்கம் அவனைத் துணி வியாபாரி என்பார்கள். பெரியகல்லாற்றில் கேட்டால், ஆள் சாகவில்லை, வாய்தான் கோணிப்போனது என்பார்கள். எது எப்படியோ, காணித் தரகர்கள் இன்றைக்கும் வெயிலில் நின்று புளுகிவிட்டு, கடைசி விலையை மட்டும் நிழலுக்குள் வந்து சொல்கிறார்கள்.

நாவற்குடாவில் கேக் செய்து விற்கும் சுலோஜனாவுக்கு இந்தக் கதைகளில் பெரிய நம்பிக்கை கிடையாது. அவளுக்கு நம்பிக்கை வேண்டியிருந்தது லக்ஷனிடம். வருகிற தையில் கல்யாணம். கட்டாரில் வேலை செய்து லீவில் வந்திருந்த லக்ஷன், இனி அங்கே போவதில்லை என்று அவள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தான். சுலோஜனாவை அவள் அப்பா கட்டாரிலிருந்து போனிலேயே வளர்த்தவர். அவள் பெரியபிள்ளையான நாளிலும் போன்தான். தன் பிள்ளைக்கு அந்தக் கதி வேண்டவே வேண்டாம் என்பதில் அவள் ஒரே பிடியாக இருந்தாள்.

அன்று பின்னேரம் இருவரும் பூங்காவுக்கு வந்தார்கள். அவள் நேரே போய் மரத்தடி வாங்கில் உட்கார்ந்தாள். அவன் நிழலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"இஞ்சால வாங்களன்."

"அங்க முசுறு எறும்பு கடிக்கும்."

"சரி, அங்க நிண்டே சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பிறகு போக மாட்டீங்கதானே?"

"எத்தின தரம் சொல்லுற? போகவே மாட்டன்."

மண்டபம், சாப்பாடு என்று பேச்சு நீண்டது. வெயில் சாயச் சாய நிழலும் நீண்டு அவன் செருப்பைத் தொட்டது. லக்ஷன் பேசிக்கொண்டே காலைப் பின்னுக்கு எடுத்தான். நிழல் மறுபடி வந்தது, அவன் மறுபடி பின்வாங்கினான். வியர்த்து வழிந்தும் உள்ளே வரவில்லை.

சுலோஜனா அந்தக் கால்களைக் கவனித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். கோபம்தான் வந்தது.

"விசா புதுப்பிச்சாச்சா?"

அவன் வாவியைப் பார்த்தான். "ரெண்டே ரெண்டு வருசம், சுலோ. கல்யாணம் முடிய ஆறுதலாச் சொல்லுவம் எண்டு..."

அவள் எழுந்தாள். நிழலை விட்டு வெளியே வரவில்லை. அடிமரத்தில் கையை வைத்தாள்.

"நான் உங்களக் கட்ட மாட்டன்."

"பகிடி விடாத. வெளிய வா, கதைப்பம்."

"பகிடி எண்டா வெளிய வந்து சொல்லியிருப்பன்."