ஃப்ரீசரில் வைத்த பேரிங்

வெளிநாட்டுக்குப் போகிறவன் விற்கிற பொருளை நான் வாங்க மாட்டேன். கோளாறு என்று கேட்கப் போனால் அவன் இருக்க மாட்டான். என் மகள் ரூபினி அப்படி ஒருவனிடம்தான் வண்டி வாங்கினாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பையன், கனடா போய்விட்டான். மண்ணிலும் மேட்டிலும் பாய்கிற டர்ட் பைக். நம்பர் பிளேட் கிடையாது, லைட் கிடையாது, ரோட்டில் ஓட்டக்கூடாது. டெம்போவில் ஏற்றி விவேக் நகருக்குக் கொண்டுவந்து எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினாள். பளபளவென்று கழுவியிருந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம்.

ரூபினிக்கு முப்பது வயது. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். போன வருடம் அவள் சிநேகிதன் விக்கி கழற்றிப் பூட்டிக் கொடுத்த வண்டியில் ரேஸ் ஓட்டினாள். பின்சக்கரம் இறுகி விழுந்தாள். காறை எலும்பு முறிந்து, தலை வாரிக்கொள்ளக்கூட அம்மா கை வேண்டியிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ரேஸ். போகாதே என்று நானும் சொன்னேன், என் மனைவி தனக்கோடியும் சொன்னாள். கேட்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள்.

"நீயே பாருப்பா. சக்கரம், சஸ்பென்ஷன், எங்கனா பேரிங் லூசா இருந்தா சொல்லு. நான் போவல."

கோலார் தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் நான் பம்ப் ஃபிட்டர். படிப்பு நாலாம் கிளாஸ். பேரிங் தெரியும்.

சனிக்கிழமை காலை தனக்கோடி டீயை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏதோ ஒண்ணு போயிருக்குதுன்னு சொல்லிடுய்யா. அவளுக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவளும் கைய வெச்சுப் பாப்பா. நான் மாட்டிக்குவேன்."

"அப்போ நெஜமாவே ஒண்ணு போயிருக்கணும்."

"பழைய வண்டிதானே. போயிருக்கும்."

எனக்கும் அந்த எண்ணம்தான். வண்டியைச் சரிசெய்ய நான் உட்காரவில்லை. குற்றம் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

நானும் ரூபினியுமாக வண்டியைத் தூக்கி, இரண்டு சக்கரமும் தரையில் படாதபடி அடியில் மரப்பெட்டி கொடுத்தோம். முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. சுற்றிவிட்டு, அதைத் தாங்குகிற ஃபோர்க்கில் கை வைத்தேன். அதிர்வு இல்லை. நான் விடவில்லை. ஆக்சிலை உருவி, சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தில் விரல் விட்டுத் திருப்பினேன். மண் புகுந்திருந்தால் நறநறவென்று விரலுக்குத் தெரியும். வழவழவென்று சுற்றியது.

"நல்லாத்தானே கீது?" என்றாள் ரூபினி, படியில் உட்கார்ந்தபடி.

"ஒரு பக்கம்தான் பாத்திருக்கேன்."

மறுபக்கமும் நன்றாக இருந்தது. பின்சக்கரமும் அப்படித்தான். விற்றவன் புதிது போட்டிருக்கிறான். வாங்க வருகிறவன் சக்கரத்தைத்தானே ஆட்டிப் பார்ப்பான், அதற்காகப் போட்டிருப்பான்.

ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினேன். அதன் கழுத்திலிருக்கிற பேரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால் நேராக வருகிற இடத்தில் சிக்கும். சிக்கவில்லை.

தனக்கோடி சமையலறை ஜன்னலுக்கு வந்து கண்ணாலேயே கேட்டாள். உதட்டைப் பிதுக்கினேன்.

"அம்மா எதுக்கு அங்க நிக்குது?"

"காத்து வாங்க."

"அந்த ஜன்னல்ல என்னிக்குக் காத்து வந்துச்சு?"

சக்கரங்களை மாட்டினேன். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினேன். ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல மேலே தூக்கினேன். ஷாக் அப்சார்பர் தாங்குவதற்கு முன்னால் 'டொக்' என்றது. இன்னொரு முறை தூக்கினேன். டொக்.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற உலோகக் கைக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவில் முழங்கை மாதிரி ஒரு பாகம் உண்டு. லிங்க்கேஜ் என்பார்கள். வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. சேறும் தண்ணீரும் முதலில் அடிக்கிற இடம் அதுதான். குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு வளையாது. போல்ட்டைத் தட்டி எடுத்து, அதைக் கழற்றிப் பழைய பேப்பரின் மேல் வைத்தேன். உள்ளே இருந்த குழாயைத் தள்ளினேன். கிரீஸ் இல்லை. செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. சோம்பு அளவில் இருக்கிற ஊசி உருளைகளில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தன, மீதி பேப்பரில் விழுந்தன. தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவியிருக்கிறான். கிரீஸ் போய்த் தண்ணீர் உள்ளே நின்றிருக்கிறது.

எனக்குச் சந்தோஷம். அதை மறைக்கவில்லை.

"பாத்தியா?"

ரூபினி இறங்கி வந்து துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆமா. போயிருக்கு."

"அப்போ நாளைக்கு இல்ல."

"லூசா இருந்தா போவலன்னு சொன்னேன். மாத்திட்டா லூஸ் எங்க இருக்கும்?"

தோள்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். புது ஊசி பேரிங், குழாய், சீல், எல்லாம் அந்த லிங்க்கேஜுக்கு உரியவை.

"இத எப்போ வாங்கின?"

"வண்டி வாங்கின அன்னிக்கே. அவன் கழுவியிருக்கறதப் பாத்தேன். இது போயிருக்கும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுக்கினு என்னை எதுக்குக் குந்த வெச்ச?"

"மிச்சம் எல்லாம் நல்லாருக்குதான்னு தெரிய வேணாமா? உன்னை மாதிரி சந்தேகம் புடிச்ச ஆளு எந்த கேரேஜ்லயும் இல்லப்பா."

லிங்க்கேஜைப் பேப்பரோடு சுருட்டி எடுத்தாள்.

"விக்கிகிட்ட பேசிட்டேன். சாயந்திரத்துக்குள்ள போட்டுத் தரேன்னான்."

விக்கி பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறவன். கோணலாகப் போனால் இன்னும் இரண்டு அடி போடுவான். மண் ஒட்டின கையைத் துடைக்காமல் கிரீஸ் பூசுவான். அவன் போட்டதை நம்பி இவள் மேட்டில் ஏறி அந்தரத்தில் போக வேண்டும்.

"குடு இங்க," என்றேன்.

"எதுக்கு?"

"குடுன்னா குடு."

கொடுத்தாள். படியில் போய் உட்கார்ந்தாள்.

புது பேரிங்கை பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். கீழே வந்து பழையதை வைஸ் இடுக்கியில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வெளியே தள்ளினேன். துரு பிடித்து உட்கார்ந்திருந்ததால் நேரம் ஆனது. பேரிங் உட்காருகிற குழியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். படியில் ரூபினி டெம்போக்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

பேரிங்கை எடுக்க மேலே போனபோது தனக்கோடி ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா இது, மீன் மேல?"

"பேரிங். குளிர்ந்தா துளி சுருங்கும். அடிக்காம உள்ள போவும்."

"போயிருக்குதுன்னு காட்டினியே. அதோட நிக்கும்னு பாத்தேன்."

"நான் போடலன்னா விக்கி போடுவானாம்."

போன வருடம் மாதக்கணக்கில் மகளுக்குத் தலை வாரியவள் அவள். பாலிதீனைத் தொட்டுப் பார்த்தாள். மீனை வெளியே எடுத்து, பேரிங்கை ஐஸ் கட்டியிருக்கிற மூலைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"இன்னும் ஜில்லுனு ஆவல," என்றாள். "கொஞ்ச நேரம் கழிச்சு எடு."