அடுத்த வாரம் வரை

“பார்த்துவிட்டேன், மதியத்துக்குள் முடித்து அனுப்புகிறேன்” என்று கணவன் துன்ஜாயின் பெயரில் நெர்மின் பதில் அடித்துக்கொண்டிருந்தபோது, படுக்கையறையில் மூச்சுச் சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டது. கேட்ட பிறகும் எழுதியதை ஒருமுறை சரிபார்த்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

துன்ஜாய் சுவர்ப் பக்கம் தலை சாய்ந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. இரவு முழுக்க அறையை நிறைத்திருந்த அந்தக் கரகரப்பு இல்லாததால், கீழே தெருவில் டிராம் மேடேறும் ஓசை தெளிவாக வந்தது. மார்பில் கை வைத்துப் பார்த்தாள். மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். மறுபடியும் மார்பில் வைத்தாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

லிஸ்பனுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஹாலந்தில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு அவன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். வாடிக்கையாளர்களின் புகார்களைப் படித்து ஆளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை. அங்கே யாரையும் அவன் நேரில் பார்த்ததில்லை. அவனும் அவளும் மகள் இபெக்கும் இந்த ஊரில் தங்குவதற்கான அட்டை அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. திரும்பிப் போக வீடு இல்லை. சொந்த ஊரான அந்தாக்கியாவில் அவர்கள் குடியிருந்த கட்டடம் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. மேல் மாடியில் இருந்த அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதோடு போனார்கள்.

கணையத்தில் கட்டி என்று தெரிந்ததும் துன்ஜாய் கம்பெனியிடம் முதுகுவலி என்று சொல்லிவைத்தான். கொஞ்ச நாள் படுத்தபடியே வேலை பார்த்தான். விரல் நடுங்கத் தொடங்கியதும் அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். அதுவும் முடியாமல் போனபோது அவளே படித்து, அவளே பதில் போட்டாள்.

“ஸாரின்னு மட்டும் எழுதாத. நான் யார்கிட்டயும் ஸாரி கேக்கமாட்டேன். கண்டுபிடிச்சிடுவாங்க” என்று கடைசியாகச் சொல்லிக்கொடுத்தான்.

அவளுடைய அட்டையையும் குழந்தையுடையதையும் புதுப்பிக்க அடுத்த வாரம்தான் நாள் கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய நாள். “அதுவரைக்கும் என்னை எப்படியாவது உயிரோட வச்சுக்கோ” என்று சொல்லிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஊரில் இறந்தவர்களுக்குச் செய்வதைப் பார்த்தது நினைவிருந்தது. தலைத்துணியை மடித்து அவன் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். வயிற்றின்மேல் இரும்பு வைக்க வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தவள், எண்ணை அழுத்தாமல் நின்றாள். டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் இறந்தவன். அதுவரை அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

கணினி மணியடித்தது. மேலாளர் மார்ட்டென் எழுதியிருந்தார். முதுகு எப்படி இருக்கிறது, இன்னும் சுல்தான் மாதிரி படுத்துக்கொண்டுதான் வேலையா என்று.

பதில் வராவிட்டால் போன் செய்வார். “சுல்தானுக்கு இன்று எழுந்திருக்க மனமில்லை” என்று அடித்து அனுப்பினாள். உடனே ஒரு சிரிக்கும் முகம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒருவருக்குப் பொருள் உடைந்து வந்திருந்தது, இன்னொருவருக்கு வரவே இல்லை. பிரித்துக் கொடுத்தாள். நடுவில் எழுந்துபோய்த் துன்ஜாயின் காலைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்துகொண்டு வந்தது. போர்வையை இழுத்துவிட்டாள். அதே தெருவில் இருக்கும் ஐசெல் அக்கா போன் செய்து, சூப் வைத்திருக்கிறேன், இபெக்கைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது எடுத்து வரவா என்று கேட்டாள். அவர் தூங்குகிறார் என்றாள் நெர்மின்.

மதியத்துக்கு மேல் மார்ட்டென் மறுபடி எழுதினார். மூன்று மணிக் கூட்டத்தில் மேலே உள்ளவர்களும் இருப்பார்கள், கேமரா வேண்டாம், குரலில் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்று.

தொண்டை சரியில்லை என்று அடித்தாள். அழித்தாள். நெட் வேலை செய்யவில்லை என்று அடித்தாள். அதையும் அழித்தாள். இன்று தப்பினால் நாளை கேட்பார். நாளைக்கு உள்ளே கிடக்கும் உடம்பு என்ன ஆகும் என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. கணவனின் போனிலிருந்து மார்ட்டெனைக் கூப்பிட்டாள்.

“கடைசில உங்க குரலைக் கேக்குறேன்யா” என்று ஆரம்பித்தார் அவர்.

“நான் அவரோட மனைவி பேசுறேன். அவரு காலைல இறந்துட்டாரு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மார்ட்டென் கேட்டார்: “அந்த சுல்தான் பதில்?”

“நான்தான் போட்டேன்.”

“அப்ப அவரு...”

“போயிட்டாரு. அதுக்கப்புறந்தான் போட்டேன்.”

“நான் சிரிச்சேனே” என்றார் அவர்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோயை, அட்டையை, இடிந்துபோன வீட்டை. வேலையை நானே பார்த்துவிடுகிறேன், இத்தனை நாள் ஒரு தப்பும் வரவில்லையே என்றாள். “அடுத்த வாரம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ்வளவுதான் கேக்குறேன்.”

“தெரிஞ்சப்புறம் நான் எப்படிம்மா மறைக்க முடியும்? என் பேரும்தானே இதுல...” அவர் முடிக்கவில்லை. மேலே பேசிப் பார்க்கிறேன், முடிந்ததைச் செய்கிறேன் என்றார். அது முடியாது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. கடைசியில் அவள், “ஸாரி” என்றாள்.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் கணினி தானாகவே அவளை வெளியே தள்ளியது. கடவுச்சொல்லைப் போட்டாள். ஏற்கவில்லை. இன்னொரு முறை போடவில்லை. மூடி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். பிறகு, குளிப்பாட்ட ஆள் அனுப்பும்படி மசூதிக்கும், கடைசியாக ஐசெல் அக்காவுக்கும் சொன்னாள். அக்கா அப்போது இபெக்கின் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தாள். “சரி, கூட்டிட்டு வரேன். நான் புள்ளகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றாள்.

டாக்டருக்கு முன் அக்காவும் இபெக்கும் வந்துவிட்டார்கள். நெர்மின் படுக்கையறைக் கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றாள். ஐசெல் அக்கா அவள் முகத்தைப் பார்த்ததும் முந்தானைபோல் தோளில் கிடந்த சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இபெக் சாத்திய கதவைப் பார்த்தாள். “அப்பா மீட்டிங்கா?” என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

நெர்மின் கதவிலிருந்து நகரவில்லை.

குழந்தை தலையாட்டிக்கொண்டது. ஷூக்களைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, தரைப் பலகை கிரீச்சிடாத இடமாகப் பார்த்துக் கால் வைத்துச் சமையலறைக்குப் போனாள். டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, கடிக்காமல் வாயில் வைத்து, அது ஊறட்டும் என்று காத்திருந்தாள்.