தலை பிடிக்கிற அக்கா

தொழில் தொடங்கியாயிற்று, விளம்பரச் சீட்டு அடித்தாயிற்று, புதுக் கயிறுகூட வாங்கியாயிற்று. நாய்தான் கிடைக்கவில்லை.

கால்நடை டாக்டரிடம் உதவியாளாக இருந்தவள் அவள். டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு வெளியூர் போனதும், இனி யார் முன்னாலும் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு கட்டினாள். வேலைக்குப் போகிறவர்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டு நாய்களைக் காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போகலாம், சொந்தத் தொழில். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, சலவைக் கடை என்று அவள் சீட்டு ஒட்டாத சுவர் இல்லை. வந்தது ஒரே ஒரு போன். அதுவும் பூனையைக் குளிப்பாட்ட முடியுமா என்று.

அக்கா வீட்டுக்காரர் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து வந்து உக்காந்துக்கம்மா. உனக்காகத்தான் கடையில ஒரு இடத்தைக் காலியா வச்சிருக்கேன்," என்றார். திட்டியிருந்தால் சண்டை போடலாம். மாமா மாதிரித் தங்கமான மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது? திங்கட்கிழமைக்குள் ஒரு நாயாவது கிடைக்காவிட்டால் ஆயுசு முழுக்கத் துணி அளக்க வேண்டியதுதான். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டோம் என்பது அவளுக்கே தெரியும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. டாக்டரிடம் வந்துபோன நாய்கள் இருக்கின்றனவே! ஒவ்வொன்றையும் குட்டியிலிருந்து தெரியுமே! தெம்பாகக் கிளம்பினாள். முதல் வீட்டில் கதவு திறந்ததும் ஒரு பழுப்பு நாய் அவளை ஏறிட்டுப் பார்த்தது, பின்னங்கால் பிடரியில் பட ஓடிக் குளியலறைக்குள் புகுந்துகொண்டது. அடுத்த வீட்டு நாய்க்கு ஓடக்கூடத் தெம்பில்லை, நின்ற இடத்திலேயே தரையை நனைத்தது.

"உங்களைப் பார்த்தாலே இது நடுங்குதே. எதை நம்பிங்க உங்ககூட அனுப்புறது?" என்று அந்த வீட்டம்மா கேட்டதில் தப்பே இல்லை.

திரும்பி வரும் வழியில்தான் மண்டையில் உறைத்தது. ஊசி போடும்போதெல்லாம் நாயின் தலையை மேசைமேல் அமுக்கிப் பிடிப்பது இவள் வேலை. முடிந்ததும் முன்னால் வந்து பிஸ்கட் கொடுப்பது டாக்டர் வேலை. குத்தியவர் நல்லவர், பிடித்தவள் பாவி. இத்தனை வருஷமாக ஊர் நாய்களின் கோபத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, அதே முகத்தோடு போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள்!

மிச்சம் இருந்தது பஸ் டிரைவர் வீடு. ஓய்வுபெற்ற மனிதர், இடுப்பு எலும்பு முறிந்து ஊன்றுகோலோடு நடமாடிக்கொண்டிருந்தார். வீட்டில் யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் வந்து மேற்பார்வை பார்க்கும் என்பதால் அவர் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். இவளைக் கண்டதும் மேனேஜர் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

"மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு," என்றார் டிரைவர். "இப்போதைக்கு வர மாட்டாரு."

"வர வேணாம் சார். நான் சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. பிஸ்கட் நீட்டவும் இல்லை, அது டாக்டரின் தந்திரம்.

"என்னம்மா, நாயைப் பார்க்க வந்துட்டுத் தெருவைப் பார்த்துட்டிருக்கே?"

"இந்த மூஞ்சியைப் பார்த்துதானே சார் அதுக்குப் பயம். முதுகுக்கும் அதுக்கும் பகையில்லையே."

டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "வந்து உக்காரு, வேணாங்கல. ஆனா வாக்குக் குடுக்க மாட்டேன். ரோட்ல பயந்து அத்துக்கிட்டு ஓடிடுச்சுன்னா, துரத்திப் பிடிக்க எனக்குக் கால் இல்லம்மா."

அவள் தினமும் போனாள். முதலில் கட்டிலுக்கடியிலிருந்து உறுமல் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாள் முழங்கையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது. நெஞ்சு துள்ளியும் அவள் திரும்பவில்லை. சனிக்கிழமை காலை மேனேஜர் அவளை ஒட்டி வந்து உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து தெருவை மேற்பார்வை பார்த்தது.

டிரைவரே கயிற்றை மாட்டிவிட்டார். "அந்தக் கம்பம் வரைக்கும் போயிட்டு வா. நான் வாசல்ல நிக்கிறேன்." நாயின் தலைப் பக்கம் அவள் கையைக் கொண்டுபோகவே இல்லை.

கம்பத்தருகே குப்பை லாரி ஒன்று 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டு நின்றது. மேனேஜர் அரண்டுபோய்த் துள்ளியது. கயிறு விறைத்தது. பக்கத்தில் நின்ற காருக்கு அடியில் ஒளிந்துகொள்ள நல்ல இருட்டு. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். துணி அளக்கும் கோல் கண்முன்னால் வந்து நின்றது.

மேனேஜர் காருக்கடியில் போகவில்லை. வளைந்து வந்து அவள் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, நடுங்கிக்கொண்டே தலையை அவள் உள்ளங்கைக்குள் முட்டித் திணித்தது. எத்தனையோ தடவை அவள் அமுக்கிப் பிடித்த தலை. அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வாசலிலிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கும்மா வருவே?"

"ஆறு மணிக்கு சார்!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கைதான் காலியாக இல்லை.